தண்டவாளத்தில் விபூதி

கடையில் உட்கார்ந்து ஒரு ஸ்க்ரூவுக்காகச் சட்டைப்பையைத் துழாவினால் கையில் பஞ்சுருண்டை ஒன்று வந்தது. நேற்றுக் காலை உன் வீட்டு மாடியில் தண்டவாளம் துடைத்த பஞ்சு. கீழே போட மறந்து பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஸ்பிரிட் எல்லாம் ஆவியாகிவிட்டது. மிச்சம் இருப்பது விபூதியும் கற்பூரக் கரியும்தான். முகர்ந்தால் பெரிய கோயில் பிராகாரத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

உன் ரயிலில் இந்த வாசனை வர ஒரு நியாயமும் இல்லை. அதில் வர வேண்டியது மரத்தூள் வாசனை, ஈர மண் வாசனை, நீ பல்செட்டு செய்த லேபில் எந்நேரமும் மூக்கைப் பிடுங்கும் அந்தத் திராவக நெடி. விபூதி எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இத்தனை மாதமாக உன் நினைப்பு வந்தாலே எரிந்துபோன மோட்டார் ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நீ முதலில் என் கடைக்கு வந்ததும் எரிந்துபோன மோட்டாரோடுதான். பல்செட்டுக்குப் பாலிஷ் போடும் மோட்டார். உள்ளே புதுக் காயில் கம்பி கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாய். "சின்ன மோட்டார் ஒன்னு வேணும். மெதுவா ஓடணும், ரொம்ப மெதுவா. நடக்கற ஆளு அத்த தாண்டிப் போவணும்" என்றாய். பல் வேலையில் அவ்வளவு மெதுவாக எதைச் சுற்றுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. "பல்லுக்கு இல்லீங்க, ரயிலுக்கு" என்றாய். அப்போது நாம் 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதமே 'டா'வுக்கு வந்துவிட்டோம்.

வேங்கிக்காலில் நீ கட்டிய புது வீட்டின் மாடியறைக்கு அன்று மாலையே கூட்டிப்போனாய். கட்டில் போட வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ப்ளைவுட் மேசை. அதன் மேல் பாதி கட்டிய காடு. கல்யாணமான புதிதில் நீ உன் மனைவி சாந்தியை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கூட்டிப்போனபோது தேக்கங்காட்டுப் புல்லுக்குள் துருப்பிடித்த தண்டவாளத் துண்டு ஒன்று கிடந்ததாம். வெள்ளைக்காரன் காலத்தில் மரம் இறக்கிய ரயில் என்று அங்கிருந்த வாட்சர் சொன்னாராம். அருவியைப் பார்க்காமல் நீ அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாய் என்று சாந்தி இன்றைக்கும் குறை சொல்வாள். அதற்குப் பிறகு கைபேசியில் வெளிநாட்டுக்காரர்கள் மரம் இழுக்கும் குட்டி ரயில்களைக் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து நீயும் ஆரம்பித்திருந்தாய்.

"கட்டறதுதான் கட்டற, நல்ல எக்ஸ்பிரஸ் வண்டியா கட்டக்கூடாதா?" என்று கேட்டேன். "எக்ஸ்பிரஸ்ல சனங்க போவாங்க, வருவாங்க. இது வேல செய்யற வண்டிடா" என்றாய்.

எஞ்சினை மட்டும் சென்னையில் ஒருவரிடம் பழையதாக வாங்கினாய். ஒரு பக்கம் மட்டும் சிலிண்டர்கள் நின்றுகொண்டிருக்கும், பல்சக்கரத்தால் சக்கரத்தைத் திருப்பும் மலைக்காட்டு எஞ்சின். பல் வேலைக்காரனுக்கு ஏற்ற எஞ்சின் என்று நான் கிண்டல் செய்தேன். மற்றதெல்லாம் நம் கைவேலை. ஐஸ் குச்சியை நறுக்கி டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துக் குறுக்குக் கட்டை ஆக்கினோம். மரவாடியில் அள்ளிய தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் ஆக்கினோம். அடி அண்ணாமலைக்குப் போகும் வழியில் செம்மண் அள்ளி, சாந்தியின் மாவுச் சல்லடையில் சலித்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். பல்செட்டு ஈறு செய்கிற திராவகத்தை நிறமில்லாமல் ஊற்றி ஓடைக்குத் தண்ணீர் விட்டாய். வாய் அச்சு எடுக்கிற மஞ்சள் மாவில் பாறைகள். ஓடைக்குப் பக்கத்துப் பாறை ஒன்றில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லின் பள்ளம் இப்போதும் இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு வயரிங். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தட்டினால் கரண்ட் கம்பி இரண்டும் இடம் மாறி வண்டி பின்னோக்கி ஓடும்படி ஒரு சுவிட்ச் வைத்தேன். அந்தச் சுவிட்ச் இல்லாவிட்டால் உன் ரயிலுக்கு வேலையே இல்லை. மலையடியைச் சுற்றி ஒரு வட்டப் பாதை, அதிலிருந்து பிரிந்து மரம் வெட்டும் இடத்துக்கு ஏறும் ஒரு கிளை. காலி வண்டி ஒரு திசையில் ஏற வேண்டும், மரம் ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் இறங்கி அறுப்பு மில்லுக்கு வர வேண்டும்.

மேலே அந்த மரம் வெட்டும் இடத்துக்குத்தான் நீ உயிரைக் கொடுத்தாய். அடிக்கட்டைகள். புங்கன் குச்சியை நக உயரத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் கோடாலி வெட்டு, மறுபக்கம் ரம்பம் அறுத்த தடம், நடுவில் மரம் சாயும்போது பிய்ந்த சிம்பு, எல்லாம் பல் குடையும் மெஷினில் செதுக்கினாய். ஒன்று செய்ய ஒரு மாலை போய்விடும். சுற்றிலும் சேறு, உடைந்த கிளை, துருப்பிடித்த சங்கிலி. "கொஞ்சம் பூச்செடி வெக்கலாமேடா" என்றேன். "மரம் வெட்டற எடம் அசிங்கமாத்தான் இருக்கும். அழகா வந்துட்டா நாம தப்பு பண்ணிட்டோம்னு அர்த்தம்" என்றாய்.

ஒரு தப்பு மட்டும் நம்மை மீறி வந்தது. மலை. கம்பி வலை மேல் துணி போட்டு, மாவு பூசி, நீ கையாலேயே இழைத்துக்கொண்டு வந்தாய். மேற்கு மலையின் மடிப்பு மடிப்பான சரிவு என்றுதான் படம் போட்டு வைத்திருந்தாய். காய்ந்ததும் நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். உன் தோளுக்குப் பின்னால் ஜன்னலில் நம் ஊர் மலை தெரிந்தது. மேசை மேலும் அதேதான் இருந்தது. அந்த இடது தோள், அந்தக் கூம்பு. "டேய், இது நம்ம மலைடா" என்றேன். நீ சுரண்டிவிட்டு மறுபடியும் பூசினாய். மறுபடியும் அதுவே வந்தது. மூன்றாம் முறை நீயே சிரித்துவிட்டாய். "கைக்கு வேற மலை தெரியலடா. வுடு" என்றாய்.

வண்டியை ஓட்டிப் பார்த்த அன்று சாந்தி காப்பியோடு வந்து நின்றாள். "ஏங்க, மலைய எடமா சுத்துதே" என்றாள். இந்த ஊரில் யாருக்கும் வாயில் அதுதான் முதலில் வரும். கிரிவலத்தில் மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், நமக்கெல்லாம் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கால் அப்படித்தான் போகும். நீ அவளை உட்கார வைத்து, இது அந்த மலை இல்லை, காடு, வண்டி ஏன் இரண்டு பக்கமும் போக வேண்டும் என்று மரத்தை ஏற்றி இறக்கிக் காட்டினாய். அவள் தலையாட்டிவிட்டு, மில்காரனுக்குத் தூக்குவாளி ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் செய்தாய், அரிசி அளவில்.

உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் நிறைய இருந்தது. வெட்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டால், "இன்வெர்ட்டர் வேல" என்பேன். என் வீட்டுக்காரி வேறு, பேரன் எடுக்கிற வயதில் பொம்மை ரயிலா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசைக்காரர் ஒருவர், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ தொழில் செய்கிறீர்களாமே என்று கேட்டார். நான் "இன்வெர்ட்டர்..." என்று ஆரம்பிப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "மரம் இழுக்கற ரயிலு கட்றோம். வந்து பாருங்களேன்" என்றாய். வரிசையே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை வழித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: "பொண்டாட்டிய அடிக்கறவன்லாம் தல நிமிர்ந்து சுத்தறான். ரயிலு ஓட்டறதுக்கு நீ இன்னாத்துக்குடா வெக்கப்படற?"

போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். லேபில் உட்கார்ந்தபடியே. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

உன் கருமாதி அன்று வீடு நிறையக் கூட்டம். கீழே இடம் போதாமல் சிலரை மாடிக்கு அனுப்பினார்கள். உன் பெரிய மச்சான், சாந்தியின் அண்ணன், கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை வியாபாரம் செய்கிறவர், மூட்டு வலிக்காரர், நீ இருந்தவரை அந்தப் படி ஏறியதே இல்லை. அன்று ஏறினார். அறைக்குள் நுழைந்தவர் மலையைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "போறதுக்கு முன்னாடியே மாப்ள மலைய கட்டி வெச்சிட்டுப் போய்க்கிறாரே" என்று சொல்லி அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாக அழுதார். யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள். உன் அறுப்பு மில்லின் தகரக் கூரை மேல் வைத்து ஏற்றினார்கள்.

"சார், நீங்கதான கூட இருந்து கட்டுனவரு? ஓட்டிக் காட்டுங்க" என்றார் மச்சான். ஓட்டினேன். வண்டி இடமாகக் கிளம்பியது. "எடமா போவுதே சார். வலமா மட்டும் போற மாதிரி பண்ண முடியுங்களா? அவரு ஆத்மாவுக்கு நல்லது" என்று மச்சான் கேட்டார்.

இது அந்த மலை இல்லீங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் சிரித்த அதே ஆட்கள் சிலர் அதில் இருந்தார்கள், இப்போது கைகட்டிக்கொண்டு நின்றார்கள். "பண்ணிடலாங்க" என்றேன். கடையிலிருந்து சால்டரிங் அயர்ன் கொண்டுவந்து, மேசைக்கு அடியில் படுத்து, நானே வைத்த சுவிட்சை நானே கழற்றி, வலமாக மட்டும் ஓடும்படி கம்பிகளை நேராகப் பற்றவைத்தேன். அன்றிலிருந்து வண்டி மேலே ஏறவில்லை. ஏறினால் இறங்க முடியாது. கிளைப் பாதை கறுத்துப் போய்விட்டது.

அதோடு நிற்கவில்லை. மலைமேல் மரம் வெட்டிக் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை என்று ஒருவர் சொன்னார். உன் இடுக்கியை எடுத்து அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். குழிகளைப் பச்சைத் தூள் போட்டு மூடினேன். கட்டைகளைக் கூட்டி அள்ளிச் சாப்பிட்ட இலைகளோடு போட்டுவிட்டேன். ஒரு டப்பாவில் போட்டு வைக்கவாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மரம் ஏற்றும் வண்டியில் ஒரு குட்டிப் பித்தளை நந்தி ஏறியது. பித்தளை கனத்தை இழுக்க முடியாமல் எஞ்சின் முனகியது. அதற்கும் நான்தான் கரண்டைக் கூட்டிக் கொடுத்தேன்.

கார்த்திகைத் தீபம் வந்தது. இந்த வருஷம் உன் வீட்டில் பண்டிகை கிடையாது, விளக்கு வைக்கக் கூடாது. பல்புக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். உச்சியில் ஒரு சிவப்பு பல்பு வைத்தேன். ஊரில் நிஜத் தீபம் எரிந்த நேரத்தில் அதைப் போட்டேன். அறை முழுக்க அரோகரா. என்னை வீடியோ எடுத்தார்கள். "சார், எப்டி சார் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். அப்போதிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும், மலை சுற்றி முடித்த மச்சானின் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது வருவார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பேன். பக்கத்துக் கடைக்காரர்களிடம் நானே சொன்னேன், "பௌர்ணமிக்கு வாங்க, ரயிலு ஓட்றேன்" என்று. நீ இருந்தபோது வாயில் வராத அந்தச் சொல் இப்போது எவ்வளவு சுலபமாக வந்தது பார். உன் ரயிலுக்காக வெட்கப்பட்டவன், உன் ரயில் இல்லாமல் போன பிறகு அதை வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன்.

நேற்றுப் பௌர்ணமி. வண்டி பாதியில் நின்றுவிடுகிறது, வந்து பாருங்கள் என்று சாந்தி போன் செய்திருந்தாள். தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்குக் கரண்ட் ஏற வேண்டும், வருகிறவர்கள் தூவும் விபூதி நடுவில் படிந்தால் எங்கே ஏறும்? குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். சாந்தி டீயோடு வந்தவள் போகாமல் நின்றாள்.

"அண்ணா, ஒன்னு கேக்கட்டா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளும்மா."

"அவரு கட்டுனது மரம் வெட்டற காடுதான?"

துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"அன்னிக்கி நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பாத்துனே இருந்தேண்ணா. துக்கத்துல ஒக்காந்துனு நான் எங்க பேசறது? நீங்க அவரு கூடயே இருந்தவரு. நீங்களே சுவிட்ச கழட்டவும், சரி, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு வுட்டுட்டேன். ஒவ்வொரு பௌர்ணமியும் எனக்கு மேல ஏறி வரவே புடிக்கறதில்ல. அவரு ரூம் மாதிரியே இல்லண்ணா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். என்னால் நிமிர முடியவில்லை. பஞ்சைப் பைக்குள் போட்டது அப்போதுதான் போலிருக்கிறது.

சாயங்காலம் மச்சான் நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் நடந்து களைத்தவர்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றி நின்றார்கள். "ஓட்டுங்க சார்" என்றார். நான் ஓட்டவில்லை. பெரிய சண்டை வரும், இனி நான் உன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பார்கள், சாந்திக்குத் தலைகுனிவு, இதற்கெல்லாம் தயாராகிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"இது அந்த மலை இல்லீங்க. காடு. மரம் வெட்டி எறக்கற ரயிலு. அவரு அப்டித்தான் கட்டுனாரு. மேலெல்லாம் வெட்டுன கட்டையா இருக்கும். புடுங்கிப் போட்டது நான்தான். வண்டி ரெண்டு பக்கமும் ஓடும். சுவிட்ச கழட்டுனதும் நான்தான்."

மச்சான் மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவோரம் நின்ற தங்கச்சியைப் பார்த்தார்.

"அப்டியா?" என்றார். "அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். நாங்க இன்னாத்த கண்டோம்? மாப்ள கட்டுனத மாத்தறதுக்கு நாங்க யாரு?"

அவ்வளவுதான். வண்டியிலிருந்த நந்தியை எடுத்துத் துண்டால் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மில் கூரைக் கரியை விரலால் தேய்த்துப் பார்த்து, போகவில்லையே என்று வருத்தப்பட்டார். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, நிஜமான ஆசையோடு கேட்டார்: "மரம் எங்க சார் வெட்டுவாங்க? காட்டுங்க."

காட்டுவதற்கு என்னிடம் ஒரு கட்டைகூட இல்லை. பச்சைத் தூள் மேல் விரலை வைத்து, "இங்க" என்றேன். அவரும் அங்கே ஒன்றும் இல்லாததைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லவிடாமல் யாராவது என்னைத் தடுத்திருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். யாரும் தடுக்கவில்லை. நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள். ராத்திரி இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நீங்க வேற, எல்லாம் சரியாப் போச்சுல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். சாந்தி தாங்க்ஸ் என்கிறாள். மச்சான் சாரி என்கிறார். ஆளாளுக்கு நல்லவர்களாக இருக்கிறார்கள். நீ ஒருவன் இருந்திருந்தால் பந்தி வரிசை கேட்கிற மாதிரி என்னைக் கிண்டல் செய்து, இதை அன்றோடு தீர்த்திருப்பாய். நீ இல்லாததால் இந்த வெட்கம் எங்கேயும் போகாமல் என்னிடமே இருக்கிறது. நேற்றே சுவிட்சை மறுபடி வைத்துவிட்டேன். காலையிலிருந்து கடையில் புங்கன் குச்சியை வெட்டிச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். இன்வெர்ட்டரா என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இல்ல, வெட்டுன மரத்தோட அடிக்கட்ட" என்றேன். இதுவரை ஒன்றுதான் வந்திருக்கிறது, அதுவும் கோணலாக. நீ பார்த்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யச் சொல்வாய். செய்கிறேன்.